கேப்பும் ஹேண்டிலும்

எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேனே தவிர, சொந்தமாக நாலு வரி எழுதிப் பழக்கமில்லை. பேச்சு அதைவிட மோசம். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றால் என் நாக்கு உள்ளே போய்விடும். ஆபீஸ் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இளம் குமாஸ்தாக்கள் வீடு தேடி வந்தபோது இரண்டு முறை சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்காகவும், இப்போது எழுத உட்கார்ந்ததற்காகவும் படிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் முறை வந்தபோது அவர்களில் ஒருவர், பேச்சோடு பேச்சாக, "புது மோட்டார் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டினால் ஜெயில் என்று போட்டிருக்கிறதே, கொஞ்சம் அதிகமில்லையா ஐயா? டிரைவர் கையில் இருப்பது துப்பாக்கியா என்ன?" என்று கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் துப்பாக்கி, டிரைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்த நாள் ஒன்று உண்டு. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் முதல் நாலு வருஷம் எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேலை. மலையடிவாரத்து ஊர்களான கூமாப்பட்டி, வ. புதுப்பட்டிப் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். பயிர் காக்க என்று, விவசாயம் செய்கிற சம்சாரிகளுக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். குழாயின் அடியில் எண் வெட்டியிருக்கும். தேய்ந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாது. நான் அதன்மேல் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்து, விரலால் துடைத்துவிட்டுப் படிப்பேன். பிறகு நாடா வைத்துக் குழாயின் நீளம் அளப்பேன். லைசென்ஸில் எழுதியிருக்கும் அங்க அடையாளத்தை ஆளோடு ஒப்பிடுவேன். இடது புருவத்தில் தழும்பு என்று எழுதியிருந்து, தழும்பு வலது புருவத்தில் இருந்தால் அன்றைக்கு அந்த ஆள் வீடு போய்ச் சேர முடியாது. வைத்திருக்கிற வெடிமருந்து எவ்வளவு, ரவை எவ்வளவு என்பதற்கும் கணக்கு. துருப்பிடித்து இனி சுடவே சுடாது என்று தெரிந்த துப்பாக்கிக்கும் இதே சடங்குதான்.

மோட்டார் டிரைவருக்கு இப்படி ஒன்றும் கிடையாது. போலீஸ் அதிகாரி முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டினால் போதும். அப்புறம் அவரை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. இது அப்போது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்சு குமாஸ்தாவாகப் போட்டார்கள். எனக்கு வாய்த்த மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஒரே விஷயத்தை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எத்தனை நேரமானாலும் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பது தாங்காமல் நிறையப் பேர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வழக்கில் தடயமாக, தொண்டி என்று, வருகிற எந்தப் பொருளையும் கையில் வாங்கி முகர்ந்து பார்ப்பார். அரிவாள், எண்ணெய்க் குடம், பத்திரம் எதுவானாலும் மூக்கருகே ஒருமுறை போய்விட்டுத்தான் மேஜைக்கு வரும். வக்கீல்கள் மறைவில் சிரிப்பார்கள். பத்திரம் பழையதா புதியதா என்று இரண்டு முறை அவர் மூக்குச் சொன்னது சரியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு வீடு ராஜபாளையத்தில். காலையும் மாலையும் பஸ். அந்த பஸ்ஸின் டிரைவர் அருளப்பன் என்பவர். நல்ல மனுஷர், வாய் ஓயாது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் தன் பக்கத்து சீட்டை எனக்கென்று துண்டு போட்டு வைத்திருப்பார்.

"ஏலே, இறங்குலே அதுல இருந்து. அது கோர்ட்டு சீட்டு. உக்காந்தா ஆறு மாசம்" என்று மற்றவர்களை விரட்டுவார்.

கூட்டத்தில் இடிபட்டு, இடம் கேட்டு வாங்கத் தெரியாத எனக்கு அந்த சீட்டு எவ்வளவு பெரிய உபகாரம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்.

மாலையில் புறப்படுமுன் அவர் கள்ளுக்கடைக்குப் போய் வருவார். தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நாலு நாள். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு வாடை வரும். அப்படி வந்த நாட்களில் பேச்சு இன்னும் நன்றாக இருக்கும், வண்டி இன்னும் வேகமாகப் போகும். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் மாலை வாடை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. வழியில் கண்மாய்க்கரை வளைவில் வண்டி ஒருமுறை மண்ணில் இறங்கி ஏறியது. "பயந்துட்டீகளா ஐயா? இந்த ரோட்டுக்கு என்னைத் தெரியும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ராஜபாளையத்தில் இறங்கி, "வாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அரை மணி கழித்து அதே பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியது. அதே வளைவில், பருத்தி ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டிமேல் போய் மோதியது. ஒரு மாடு அங்கேயே செத்தது. சுந்தரபாண்டியத்து வண்டிக்காரருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வழக்கு எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. பஸ்ஸை யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று போலீஸ்காரர்கள் அதன் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் காலத்து வண்டி முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால்தான் உயிர் பெறும். பஸ்ஸை அதன் முதலாளியிடம் விட்ட பிறகு, இரவல் ஹேண்டிலை வைத்து ஓட்டினார்கள்; கழற்றி வந்த ஹேண்டில் தொண்டியாக எங்களிடமே இருந்தது. அடையாளச் சீட்டுக் கட்டி, எண் போட்டு, தொண்டி அறையில் வைத்தவன் நான்தான். மாஜிஸ்திரேட் அதையும் முகர்ந்து பார்த்தார். "பெட்ரோல்" என்றார்.

விசாரணை நாளன்று வண்டிக்காரரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அருளப்பனின் வக்கீல், மாட்டுவண்டியில் விளக்கு இல்லை என்று ஆரம்பித்தார்.

"லாந்தர் எரிஞ்சுதா இல்லையா? யோசிச்சுச் சொல்லும்."

"எரிஞ்சுது எசமான். எரியாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன். வெளிச்சத்தைப் பாத்துதானே நேரா என் மேல வந்தாரு."

கோர்ட்டே சிரித்தது. வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

குடித்திருந்தாரா என்பதுதான் கேள்வியாக நின்றது. குடித்துவிட்டு மோதினார் என்று தெரிந்தால் ஜெயிலில் போட மாஜிஸ்திரேட்டுக்கு இடம் உண்டு. மூன்று மணி நேரம் கழித்துப் பரிசோதித்த டாக்டர், கள் வாடை இருந்தது, தடுமாற்றம் இல்லை என்று எழுதியிருந்தார். வக்கீல் கெட்டிக்காரர். மோதின அதிர்ச்சியில் கை நடுங்கிக்கொண்டிருந்த மனிதனுக்கு வழியில் போன யாரோ இரக்கப்பட்டுக் கள் வாங்கிக் கொடுத்தார்கள் என்றார். அப்படியானால் மோதுவதற்கு முன்பே வாடை இருந்தது என்று ஒருவராவது சொல்ல வேண்டும். பஸ்ஸில் வந்த மூன்று பேரைப் போலீஸார் கூட்டி வந்தார்கள். இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தோம், தெரியாது என்றார்கள். மூன்றாமவர் அன்றைக்குத் தனக்குச் சளி பிடித்திருந்தது என்றார்.

"மூக்கு அடைத்திருந்தது. அப்படித்தானே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆமா எசமான்."

"இப்போது?"

"இப்பவும் செத்த அடைப்புதான்."

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதே நாள் மத்தியானத்துக்கு முன் துப்பாக்கி வழக்கு ஒன்றையும் எடுத்தார்கள். கூமாப்பட்டி கருப்பையா என்ற சம்சாரி கள்ளுக்கடையில் துப்பாக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்ததை ஒரு கான்ஸ்டபிள் பார்த்துவிட்டார். யாரையும் சுடவில்லை, மிரட்டவில்லை. காவலுக்குப் போகிற வழியில் குடிக்க உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். துப்பாக்கி பறிமுதல், லைசென்ஸை ரத்துச் செய்ய எழுதிப்போட வேண்டும் என்பது போலீஸ் கோரிக்கை. கடலைச் செடி பிஞ்சு பிடித்து நிற்கிற நேரம். துப்பாக்கி போனால் பன்றிகள் ஒரு வாரத்தில் கிளறித் தள்ளிவிடும்.

கருப்பையாவின் மனைவி வெள்ளையம்மாள்தான் கூப்பிடாமலே முன்னால் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சின்னச் சின்னச் செம்பு மூடிகளை என் மேஜைமேல் கொட்டினார். துப்பாக்கியின் காதில் வைத்து அடித்தால் பொறி பறக்கும் கேப்பு அவை.

"இந்தா இருக்கு எசமான் கேப்பு. இது இல்லாம அந்தக் குழாய் என்னத்தைச் சுடும்? அடுப்பு ஊதலாம்."

"உன்னிடம் எப்படி வந்தது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"எப்பவும் என்கிட்டதான் இருக்கும். காவலுக்குப் போகையில வாயை ஊதிக் காட்டணும். வாடை இல்லேன்னா எண்ணிக் குடுப்பேன். இருந்தா வெறுங்குழாயத் தூக்கிட்டுப் போயி கத்திக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். எங்க தெருவுல துப்பாக்கி வச்சிருக்கிற வீட்டுல எல்லாம் இப்படித்தான் எசமான். இது புதுசா?"

மாஜிஸ்திரேட் ஒரு கேப்பை எடுத்து முகர்ந்தார். பிறகு துப்பாக்கியை வாங்கி, கேப்பு உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கூமாப்பட்டியில் இது எப்போதிருந்து நடக்கிறது, ஊதிக் காட்ட மாட்டேன் என்றால் என்ன செய்வார்கள், ஆண்கள் கேப்பைத் தனியாக வாங்கி ஒளித்து வைக்க மாட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒளித்து வைத்தால் எங்கே தேடுவது என்று தனக்குத் தெரியும் என்றார் வெள்ளையம்மாள். வழக்குக்குச் சம்பந்தமில்லாத அந்தக் கேள்விகளை நான் எழுதவா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். கலெக்டர் உத்தரவு வரும்வரை துப்பாக்கி தொண்டி அறையில் இருக்கட்டும் என்று முடித்தார். லைசென்ஸை ரத்துச் செய்ய வேண்டாம் என்று தன் குறிப்பில் எழுதினார் என்பது உண்மை. ஆனால் கலெக்டர் ஆபீஸிலிருந்து பதில் வந்தபோது கடலை அறுவடையே முடிந்துவிட்டது. அறுக்க அதிகம் இருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வெளியே வராந்தாவில் கருப்பையா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "என் துப்பாக்கி ஒரு காக்காயைக் கூடச் சுடலை, உள்ள வச்சுட்டாக. அந்த பஸ்ஸு ஒரு ஆளு காலை எடுத்துச்சு, வெளிய ஓடுது. ஏன் தெரியுமா? துப்பாக்கி துரையையும் சுடும்லா. பஸ்ஸு நம்ம மேல மட்டுந்தானே ஏறும்."

இதைவிடத் தெளிவாக அந்தச் சட்டத்தை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், தீர்ப்புச் சொல்லி எழுதவைக்க மாஜிஸ்திரேட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காகிதத்தை எடுத்து வைத்தேன். அவர் ஆரம்பிக்கவில்லை.

"நீர் ராஜபாளையத்திலிருந்துதானே வருகிறீர்?"

"ஆமாம் ஐயா."

"இதே பஸ்ஸிலா?"

"ஆமாம் ஐயா."

"எங்கே உட்காருவீர்?"

"முன்னால்."

அவர் சும்மா இருந்தார். எனக்குத் தெரிந்த அதே சும்மா. ஆமாம், வாடை இருந்தது என்று சொன்னால் நான் பேனாவை வைத்துவிட்டுக் கூண்டில் ஏற வேண்டும். ஊரே பார்க்கும். அந்த வக்கீல் என்னைக் கேள்வி கேட்பார். மறுநாள் அருளப்பன் முகத்தில் எப்படி விழிப்பேன், அந்த சீட்டில் எப்படி உட்காருவேன். வண்டிக்காரரின் கால் அப்போது என் நினைவுக்கே வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"அன்றைக்கு?" என்றார்.

"அன்றைக்கும் வந்தேன் ஐயா. நான் கவனிக்கவில்லை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி. எழுதும்" என்றார். 'எதிரி சம்பவத்துக்கு முன் மது அருந்தியிருந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு அபராதம், லைசென்ஸில் ஒரு குறிப்பு. அபராதத்தை முதலாளியின் ஏஜெண்டு அப்போதே கட்டிவிட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அருளப்பன்தான் டிரைவர்.

கோர்ட் கலைந்த பிறகு தொண்டி அறைச் சன்னலுக்கு ஒரு பெண் வந்து நின்றார். அருளப்பனின் மனைவி எஸ்தர். பஞ்சு ஆலையில் கூலி வேலை செய்பவர். காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"ஐயா, அந்த ஆண்டிலை என் கையில குடுங்க."

"அது முதலாளியோட ஆள்கிட்டத்தான் குடுக்கணும்மா."

"அவரு அந்தா காப்பிக்கடையில இருக்காரு. டிரைவர்கிட்டயே குடுத்திரச் சொல்லிட்டாரு. இரவல் ஆண்டிலும் இன்னைக்கோட திரும்பிப் போகுதாம். டிரைவரு என் புருஷன். நான் வாங்குனா என்ன?"

"உனக்கு எதுக்கு அது?"

"அந்தக் கூமாப்பட்டிக்காரி கேப்பை வச்சிருக்கால்லா. அதுக்குத்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், விதியில் இடமில்லை என்று சொன்னேன். விதியைச் சொல்வது எனக்கு எப்போதும் எளிது.

எஸ்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்குச் சாயங்காலம் நீங்க பக்கத்து சீட்டுலதானே ஐயா வந்தீக?"

நான் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலை. அதே வாடைக்கு நானும் எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கேன். நானும் வாயைத் திறக்கலை. ஜெயில்ல போட்டிருந்தா ஆறு மாசம் நிம்மதி. அது வேணும்னுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பொறவு வெளிய வந்தா அந்த வண்டியைத்தானே எடுப்பாரு? அதான் கேக்கேன். குடுங்க."

தொண்டி ரிஜிஸ்டரைத் திறந்தேன். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் 'டிரைவர் அருளப்பன்' என்று எழுதி, அதன் கீழே 'அவர் மனைவி எஸ்தர் வசம்' என்று சேர்த்து, கைநாட்டு வாங்கினேன். அடையாளச் சீட்டை அறுத்து ஹேண்டிலைச் சன்னல் வழியே கொடுத்தேன். கனமான சாமான். பிள்ளையை இடுக்குவது போல இடுக்கிக்கொண்டு போனார். முப்பது வருஷ உத்தியோகத்தில் மேலதிகாரியைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அதுதான்.

இனி, இளம் குமாஸ்தாவின் கேள்விக்கு வருகிறேன். தண்டனை அதிகமா? அதிகமில்லை. அந்த வண்டிக்காரர் கட்டிலில் வந்ததைப் பார்த்தவன் அதிகம் என்று சொல்ல மாட்டான். மோதினாலும் மோதாவிட்டாலும் குடித்து ஓட்டினாலே ஜெயில் என்று அன்றைக்கே சட்டத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இருந்திருந்தாலும் அருளப்பன் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். முன் சீட்டில் இருந்தவன் கவனிக்கவில்லை என்று சொன்னான் அல்லவா? தண்டனை கூடினால் என்னைப் போன்றவனுக்குச் சளி இன்னும் அதிகமாகப் பிடிக்கும். துப்பாக்கி விஷயத்தில் யாருடைய தைரியத்தையும் நம்பவில்லை. வருஷா வருஷம் கூப்பிட்டுக் காட்டு என்றார்கள். கூமாப்பட்டியில் தினமும் ஊது என்றார்கள். சுடுவதற்கு முன்னால் கேட்டார்கள். பஸ்ஸுக்கு மட்டும் மோதின பிறகுதான் கேட்கிறோம். இது ஏன் என்று எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. கருப்பையா சொன்னது பாதிக் காரணமாக இருக்கலாம். துரைகள் போய்விட்டார்கள். மீதிக் காரணம் என்ன என்று இப்போது உத்தியோகத்தில் இருப்பவர்கள் யோசிக்கட்டும்.

எஸ்தரின் ஏற்பாடு எத்தனை நாள் நடந்தது என்று கேட்பார்கள். நான் மாற்றலாகிப் போகும்வரை, ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்தேன். காலையில் ஆலைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து, அருளப்பனை வாயை ஊதச் சொல்லிவிட்டுக் கொடுப்பார். மாலையில் நான் ஏறின வண்டி ராஜபாளையம் வந்து சேர்ந்ததும் வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும்போது மறுபடி ஊதச் சொல்லிக் கொடுப்பார். பகலில் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிற நேரத்துக்கு யாரும் இல்லையே என்று ஒரு மாதம் யோசித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் என்னிடம் வந்து, "அங்க நீங்க இருக்கீகள்லா ஐயா" என்றார். அதிலிருந்து கோர்ட்டில் என் மேஜைக்கு அடியில் அந்த ஹேண்டில் இருக்கும். சாயங்காலம் அருளப்பன் என் முன்னால் ஊதுவார். வாடை இருந்த இரண்டு நாள் நான் கொடுக்கவில்லை. ஹேண்டிலை மேஜைக்கு அடியிலேயே காலால் தள்ளி வைத்துக்கொண்டேன். மாஜிஸ்திரேட் ஒருமுறை என் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஹேண்டில் தேவைப்படாத, பொத்தானை அழுத்தினாலே கிளம்புகிற புது வண்டியை முதலாளி வாங்கிவிட்டார் என்று மாற்றலான ஊரில் இருந்தபோது கேள்விப்பட்டேன்.

அந்த ஏற்பாட்டின் முதல் நாள், அதாவது தீர்ப்புக்கு மறுநாள் காலை, ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் எஸ்தர் ஹேண்டிலோடு நின்றார். அருளப்பன் எல்லார் முன்னாலும் ஊத மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு ஊதினார். பஸ் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. நான் ஆபீஸில் தாமதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, காரணம் என்ற இடத்தில் 'பஸ்' என்று எழுதினேன்.